பழுதுபட்ட வட்டும் பிழைத்த கணக்கும்

1956-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், கலிபோர்னியாவின் ஸான் ஹோஸே நகரத்தில் ரெனால்ட் ஜான்ஸன் தலைமையில் உழைத்த ஐ.பி.எம். பொறியாளர்கள், இரண்டடி விட்டமுள்ள ஐம்பது காந்த வட்டுக்களில் ஐம்பது லட்சம் எழுத்துக்களை அடக்கிய ராமாக் என்னும் யந்திரத்தை உலகத்துக்குக் காட்டியபோது, கணக்கு வைக்கும் தொழிலுக்குப் புதியதொரு சௌகரியமும் கூடவே புதியதொரு பயமும் பிறந்தன. காகிதத்தில் மை கலைந்தாலும் அரைகுறையாகப் படித்துவிடலாம்; வட்டின் மேற்பூச்சு சேதமடைந்தாலோ அங்கிருந்த எழுத்து அடியோடு போய்விடும்.

இதற்குப் பரிகாரம் தேடியவர்கள் முதலில் செய்தது, அவ்வப்போது முழுப் பிரதி எடுத்து வைப்பதுதான். ஆனால் பிரதி எடுத்தபின் நடந்த வரவுசெலவுகளின் கதி என்ன? சிட்டையில் குறித்த பின்பே பேரேட்டில் ஏற்றும் நம் மண்டிக் கணக்குப்பிள்ளைகளுக்கு இதன் விடை புதிதல்ல. ஒவ்வொரு மாறுதலையும் தனியான ஒரு பதிவேட்டில் எழுதிவந்தால், பழைய பிரதியை வைத்துக்கொண்டு, பதிவேட்டை வரிசையாக அதன்மேல் மறுபடி நடத்திப் பார்த்து, இழந்த நிலையை அடையலாம். சந்திரனுக்கு மனிதரை அனுப்பும் அப்பாலோ திட்டத்தின் உதிரி பாகங்களைக் கணக்கிட உருவாகி, 1968-இல் டௌனி நகரத்தில் இயங்கத் தொடங்கிய ஐ.எம்.எஸ். என்னும் தரவுத்தள அமைப்பு இவ்விதப் பதிவேட்டைக் காந்த நாடாவில் எழுதி வந்தது.

1970-களில் அதே ஸான் ஹோஸேயில் ‘ஸிஸ்டம் ஆர்’ என்னும் தரவுத்தளத்தைச் சமைத்தவர்கள், வட்டில் தரவைப் பிரித்து வைக்கும் துண்டாகிய ‘பக்கம்’ மாறும்போது பழைய பக்கத்தைத் தொடாமல் வைத்துப் புதியதை வேறிடத்தில் எழுதும் நிழற்பக்க முறையையும் பதிவேட்டோடு சேர்த்துக் கையாண்டார்கள். பெரிய தரவுத்தளங்களுக்கு அது ஒவ்வாது என்று 1981-இல் அவர்களே எழுதி ஒப்புக்கொண்டது, ஆராய்ச்சியாளர்களிடம் அபூர்வமாகக் காணப்படும் நேர்மை என்பது என் அபிப்பிராயம். அவர்களில் ஒருவரான ஜிம் கிரே, மாறிய பக்கம் வட்டுக்குப் போகுமுன் அதைப் பற்றிய குறிப்பு பதிவேட்டில் அழியாதபடி ஏறியிருக்க வேண்டுமென்ற நியமத்தை 1978-ஆம் ஆண்டுக் குறிப்புகளில் தெளிவாக விளக்கினார்.

அந்த நியமத்துக்குப் பூரணமான சாஸ்திர வடிவம் தந்தவர், சென்னை ஐ.ஐ.டி.யில் ரசாயனப் பொறியியல் பயின்று, டெக்ஸாஸில் முனைவர் பட்டம் பெற்று, 1981-இல் ஐ.பி.எம்.மில் சேர்ந்த சி. மோகன். நான்கு சகாக்களோடு 1992-இல் அவர் வெளியிட்ட ஏரீஸ் என்னும் முறை, விபத்துக்குப் பின் பதிவேட்டை முதலில் ஆராய்ந்து, அடுத்து நடந்தவை அனைத்தையும் நடந்தபடியே மறுபடி நடத்தி, கடைசியில் முடிவுபெறாத காரியங்களை மட்டும் பின்னோக்கி ரத்து செய்கிறது. அரைகுறையாக நின்ற காரியங்களையும் முதலில் மறுபடி நடத்துவது வீண் சிரமம் போலத் தோன்றினாலும், முறையின் சூக்ஷ்மம் அங்கேதான் இருக்கிறது: ஒவ்வொரு பக்கமும் தன்மேல் கடைசியாக ஏறிய குறிப்பின் எண்ணைத் தாங்கி நிற்பதால், எது ஏறிற்று, எது ஏறவில்லை என்பதில் சந்தேகமே எழுவதில்லை. வட்டில் ஒரே பக்கம் கெட்டிருந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் பழைய பிரதியிலிருந்து எடுத்து, அதன் எண்ணுக்குப் பிற்பட்ட குறிப்புகளை ஏற்றினால் போதும். மற்றப் பக்கங்களைத் தொட வேண்டியதில்லை.

இத்தனை சாமர்த்தியமும் பதிவேடு பிழைத்திருக்கும் வரைக்குமே. இடத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணித் தரவையும் பதிவேட்டையும் பிரதியையும் ஒரே வட்டில் வைப்பவருக்கு, அந்த வட்டு அழிந்த அன்று கிரேயும் மோகனும் உதவ முடியாது.