படகின் வேகத்தைத் தின்றது எது?

ஒரு படகு எதிர்பார்த்த வேகத்தில் போகவில்லை என்றால் பழி முதலில் எஞ்சின் மீதுதான் விழும். சார்லஸ் பார்சன்ஸ் என்ற பொறியாளர் அப்படிப் பழி போடவில்லை. அளந்து பார்த்தார்!

நீராவி டர்பைன் கப்பலையும் ஓட்டும் என்று நிரூபிக்க, 1894-ல் இங்கிலாந்தில் அவர் கட்டிய சோதனைப் படகு 'டர்பினியா'. நீளம் சுமார் 31 மீட்டர். ஆனால் வேகம் மணிக்கு 20 கடல் மைலைக்கூடத் தாண்டவில்லை. புரொபெல்லரை மாற்றி மாற்றிப் போட்டும் பயனில்லை. படகு தோற்றால் டர்பைனும் தோற்றதாகிவிடும்.

சுழலும் தண்டில் ஒரு கருவியைப் பொருத்தி, டர்பைன் தரும் சக்தியை அளந்தார் பார்சன்ஸ். சக்தி சரியாகவே வந்தது. அப்படியானால் அதை வீணாக்கியது புரொபெல்லர்தான்! ஒரு தொட்டியில் கொதிநிலையை நெருங்கிய நீரில் சிறிய புரொபெல்லரைச் சுழற்றிப் பார்த்தார். அதிவேகத்தில் இறக்கையின் பின்பக்கம் அழுத்தம் குறைந்து, நீரே ஆவிக் குமிழிகளாக மாறியது. புரொபெல்லர் நீரைத் தள்ளாமல் வெற்றிடத்தில் சுழன்றது. இதன் பெயர் 'கேவிட்டேஷன்'.

தீர்வு என்ன? ஒரே தண்டுக்குப் பதில் மூன்று டர்பைன்கள், மூன்று தண்டுகள், தண்டுக்கு மூன்றாக ஒன்பது சிறிய புரொபெல்லர்கள். வேகம் 34 கடல் மைலைத் தொட்டது.

1897 ஜூன் 26, விக்டோரியா மகாராணியின் வைரவிழா கடற்படை அணிவகுப்பு. அழைப்பில்லாமலே கப்பல்களுக்கு நடுவே பாய்ந்தது டர்பினியா. விரட்டிய படகுகளால் பிடிக்க முடியவில்லை! 1906-ல் பிரிட்டனின் 'டிரெட்நாட்' போர்க்கப்பலே டர்பைனில் ஓடியது.

இன்றும் பழைய மோட்டார் படகு உறுமியும் நகராவிட்டால், எஞ்சினைப் பிரிக்கும் முன் புரொபெல்லரைப் பார்ப்பது நல்லது.