கேட்கும் விதம்

1940-களில் தெற்கு வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தால், அவனுடைய பிழைப்பு ஒரு எக்ஸ்ரே படத்தைப் பார்க்கும் மருத்துவரின் கண்ணில் இருந்தது. நிலக்கரித் தூசி நோய்க்கு இழப்பீடு தரும் திட்டம் 1943-இல் வந்தது. தூசி நோய் என்று சான்று கிடைத்தால் பணம் வரும், ஆனால் சுரங்க வேலை போய்விடும். சான்று கிடைக்காவிட்டால் இருமிக்கொண்டே மறுபடி குழிக்குள் இறங்க வேண்டும். அந்த ஊர்களில் வேறு வேலையும் அதிகம் கிடையாது.

இந்த நிலையில்தான் 1945-இல் கார்டிஃபுக்குப் பக்கத்தில், லாண்டோ மருத்துவமனையில், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தூசி நோய்க்கென்று ஓர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கியது. அதன் முதல் தலைவர் சார்லஸ் ஃபிளெட்சர். 1941-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பெனிசிலின் மருந்தை முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் சிகிச்சையாக ஊசியில் ஏற்றிய இளம் மருத்துவர் இவர்தான். லாண்டோவில் அவர் செய்த வேலை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. என் பார்வையில் அதுவும் அதற்குக் குறைந்ததல்ல. நோயாளிகளை அளப்பதற்கு முன்னால் மருத்துவர்களை அளக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

ஒரே எக்ஸ்ரே படங்களைப் பல மருத்துவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சில காலம் கழித்து அதே படங்களை அவர்களிடமே மறுபடி கொடுத்தார். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. தாங்களே முதலில் சொன்னதோடுகூடப் பலருக்கு ஒத்துப்போகவில்லை. புள்ளியியலாளர் பீட்டர் ஓல்ட்ஹாமுடன் சேர்ந்து 1949-இல் இதை அச்சிலேயே வெளியிட்டார். மாதிரிப் படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் படித்தால் இந்த வேறுபாடு குறையும் என்பதையும் காட்டினார். பிறகு நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதையும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பதையும் இதே சோதனைக்கு உட்படுத்தினார். மார்பு நோயில் பழுத்த கைகள் என்று பெயர் வாங்கியவர்களும் ஒரே நெஞ்சில் வேறு வேறு அறிகுறிகளைக் கண்டார்கள். தன் தொழிலின் பெருமையைத் தானே இப்படி மேசையில் பரப்பிவைப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

படத்துக்கு நேர்ந்தது பேச்சுக்கும் நேர்ந்தது. அந்தப் பிரிவில் சேர்ந்த ஆர்ச்சி காக்ரன், போர்க்கைதி முகாம்களில் கைதிகளுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வந்தவர். நோயாளியிடம் விவரம் கேட்பதில் மருத்துவர்கள் செய்யும் பிழைகளைப் பற்றி 1951-இல் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். ஒரே மாதிரியான சுரங்கத் தொழிலாளர்களைத் தனித்தனி மருத்துவர்கள் விசாரித்தபோது, இருமலும் சளியும் இருப்பவர்களின் விகிதம் ஒருவர் கணக்கில் ஒன்றாகவும் இன்னொருவர் கணக்கில் வேறொன்றாகவும் வந்தது. மூச்சிரைப்பைப் படிகளாகப் பிரித்ததும் இந்தக் காலத்தில்தான். சமதரையில் வேகமாக நடந்தால் இரைக்கிறதா, தன் வயதுக்காரர்களோடு சேர்ந்து நடக்க முடிகிறதா, தன் நடையில் போனாலும் நின்று நின்று போக வேண்டியிருக்கிறதா, உடை மாற்றவே மூச்சு வாங்குகிறதா என்று கேள்விகள் படிப்படியாக இறங்கும். ஒரு மனிதன் நாள் முழுக்கச் செய்கிற காரியங்களை வைத்தே அவன் மூச்சை அளக்கலாம் என்பது எளிமையான யோசனை.

1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி பிரிட்டனின் பெரிய நோய் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அமெரிக்காவில் அந்தப் பெயரே அரிது. அங்கே மருத்துவர்கள் எம்ஃபைசீமா, அதாவது நுரையீரல் காற்றறைகள் சிதையும் நோய், என்றுதான் எழுதினார்கள். நோய் வேறா, எழுதுகிற கை வேறா? 1958-இல் சீபா அமைப்பின் ஆதரவில் லண்டனில் கூடிய கூட்டம் சொற்களுக்கு வரையறை தேடியது. எல்லோரும் ஒரே மாதிரி கேட்பதற்காக, இருமல், சளி, மூச்சிரைப்பு பற்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கேள்வித்தாள் 1960-இல் வெளிவந்தது.

அந்தக் கேள்வித்தாளின் வழிவந்த ஒரு தமிழ்ப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு சேலம் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போனவள் நான். ஊதும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஊதுங்கய்யா, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று கத்தியே தொண்டை கட்டிப்போகும். ஆனால் கேள்வி கேட்பது அதைவிடக் கஷ்டம். அச்சிட்டபடியே கேட்க வேண்டும், விளக்கம் சொல்லக் கூடாது, பதிலில் சந்தேகம் இருந்தால் 'இல்லை' என்றே குறிக்க வேண்டும் என்பது 1960-லிருந்து வரும் விதி. பீடி குடித்துக் குடித்து உதடு கறுத்த பெரியவரிடம், காலையில் எழுந்ததும் சளி வருகிறதா என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி" என்பார், சொல்லும்போதே இருமுவார். மருமகள் உள்ளேயிருந்து, "பொய் சொல்றாரு, ராத்திரியெல்லாம் கொக்குகொக்குன்னு இருமுறாரு" என்பாள். எனக்கும் 'ஆம்' என்று போடக் கை துடிக்கும். போடக் கூடாது. நான் இரக்கப்பட்டு ஒரு வீட்டில் 'ஆம்' போட்டு, இன்னொருத்தி பக்கத்து ஊரில் அப்படிப் போடாவிட்டால், எந்த ஊரில் நோய் அதிகம் என்பதை எங்கள் இருவரின் மனசு முடிவு செய்ததாகிவிடும். அந்தப் பெரியவருக்கு நான் செய்யக்கூடிய மரியாதை, அவர் சொன்னதை அவர் சொன்னபடி எழுதுவதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்படி ஒரே மாதிரி கேட்டதால் என்ன தெரிந்தது என்பதற்கு 1964-இல் முதல் பதில் வந்தது. லண்டன் நோயாளிகளையும் சிகாகோ நோயாளிகளையும் ஒரே கேள்வி, ஒரே சோதனை வைத்துப் பார்த்தபோது இரு நாட்டு நோயும் பெருமளவு ஒன்றுபோலவே இருந்தது. பெயர் வேறுபட்டதற்குப் பெரும்பங்கு மருத்துவர்களின் பழக்கமே காரணம். அடுத்த ஆண்டே வால்டர் ஹாலண்டும் டொனால்ட் ரீடும் அதற்கு மறுபக்கத்தைக் காட்டினார்கள். பிரிட்டனின் தபால் துறை வண்டி ஓட்டுநர்களையும் அமெரிக்கத் தொலைபேசி நிறுவன ஊழியர்களையும் அதே முறையில் ஒப்பிட்டார்கள். பிரிட்டிஷ்காரர்களுக்கு அறிகுறிகள் அதிகமாகவும் ஊதும் திறன் குறைவாகவும் இருந்தன. இது மருத்துவர் பழக்கம் என்று தள்ளிவிட முடியாத வேறுபாடு.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது மேற்கு லண்டன் ஆய்வு. ஃபிளெட்சருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சளி கட்டுகிறது, அதனால் தொற்று வருகிறது, அதனால் மூச்சுக்குழல் அடைபடுகிறது என்பது அது. அக்காலத்தில் பிரிட்டனில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். கேள்வித்தாளில் சளிக்கு அத்தனை இடம் கிடைத்ததும் அதனால்தான். 1961 முதல் எட்டு ஆண்டுகள், 792 ஆண்களிடம், அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, முதல் நொடியில் எவ்வளவு காற்றை ஊதித் தள்ளுகிறார்கள் என்று அளந்தார்கள். ரிச்சர்ட் பீட்டோ கணக்குப் போட்டார். சளி வருவதற்கும் காற்றோட்டம் குறைவதற்கும் புகைப்பதுதான் பொதுவான காரணம், ஆனால் இரண்டும் தனித்தனி வழியில் போகின்றன என்று தெரிந்தது. புகைப்பதை நிறுத்தியவருக்கு, இழந்த மூச்சு திரும்பாது, ஆனால் மேற்கொண்டு குறையும் வேகம் புகைக்காதவரின் அளவுக்கு இறங்கிவிடும். தன் பழைய நம்பிக்கை நிற்கவில்லை என்பதை 1976-இல் வந்த புத்தகத்தில் ஃபிளெட்சரும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். சளி உள்ளவருக்கு மருத்துவர் தன் எண்ணப்படி 'மோசம்' என்று எழுதிக்கொண்டே போயிருந்தால் இது வெளியே வந்திருக்காது.

இருந்தாலும் அந்த 792 பேரில் ஒரு பெண் கிடையாது. சிகரெட்டா, பைப்பா, நாளைக்கு எத்தனை, எந்த வயதில் தொடக்கம் என்று துருவிய 1960-இன் கேள்வித்தாள், சமையல் எதில் நடக்கிறது என்று கேட்கவில்லை. எங்கள் படிவத்தில் அதற்கென்று தனியாக ஒரு பகுதி இருந்தது. விறகா, வறட்டியா, மண்ணெண்ணெயா, கேஸா. அடுப்பு வீட்டுக்குள்ளா வெளியிலா. புகை போக வழி உண்டா. எத்தனை வருஷமாகச் சமைக்கிறீர்கள். பீடி சிகரெட் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' சொன்ன பெண்கள் இந்தப் பகுதிக்கு வந்ததும் விரல் விட்டு எண்ணத் தொடங்குவார்கள். பன்னிரண்டு வயதில் அடுப்படிக்கு வந்தவர்களுக்கு அந்தக் கட்டத்தில் நாற்பது, ஐம்பது என்று எழுதியிருக்கிறேன்.