சுட்டமண் பொத்தான்கள்

லூசி றீயின் கலங்களைப் பற்றி நூல்கள் பல உண்டு. எனக்கென்னவோ அவரது பொத்தான்களே முதலில் நினைவுக்கு வருகின்றன.

1902இல் வியன்னாவில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1937 பாரிஸ் சர்வதேசக் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். மறுவருடமே ஹிட்லரின் படை ஒஸ்ட்ரியாவுக்குள் நுழைந்தது. லூசி லண்டனுக்குத் தப்பினார். அங்கே அவரது பதக்கத்தை யார் கேட்டார்கள்? இங்கிலாந்தின் பெருங்குயவர் பர்னாட் லீச் கூட, கலங்கள் மிக மெல்லியவை என்று குறை கண்டார்.

யுத்தகாலத்தில், வியன்னாவிலிருந்து வந்த இன்னோர் அகதியான ஃபிரிட்ஸ் லாம்பல் அவருக்குக் கண்ணாடிப் பொத்தான் வேலை கொடுத்தார். பின்னர் அல்பியன் மியூஸ் என்ற சந்திலிருந்த தன் சிறு வீட்டில் லூசி தாமே மண்ணில் பொத்தான்களும் புரோச்சுகளும் செய்யலானார். அச்சில் மண்ணை அழுத்தி, ஆடை நிறுவனத்தார் கொண்டுவரும் துணியின் நிறத்துக்கேற்ப மெருகு கலந்து, சூளையில் சுட்டெடுப்பார். வயிற்றுப்பாட்டு வேலைதான். ஆயினும் நிறத்துக்கு நிறம் மெருகைப் பரிசோதித்த அந்தக் கைப்பழக்கம், பிற்காலக் கிண்ணங்களில் தெரிவதாகவே நான் நினைக்கிறேன்.

1946இல் வேலை தேடி ஓர் இளைஞர் வந்தார். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தும், ‘எதிரி நாட்டவர்’ என்று இங்கிலாந்து பிடித்துக் கனடா முகாமுக்கு அனுப்பியிருந்த ஹான்ஸ் கோப்பர். மட்பாண்டத் தொழில் அறியாதவர். பொத்தான் அழுத்தவே சேர்ந்தார். லூசிக்கு நிகரான குயவரானார்.

1989இல் ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே அந்தப் பழைய பொத்தான்களைத் தன் புதிய ஆடைகளில் தைத்தார். லூசிக்கு அப்போது வயது 87.