முத்திரை விழுந்த காகிதம்

"வீட்டிலேயே பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம்" என்று விமான நிறுவனங்கள் சொன்னபோது அவர்கள் மனதில் இருந்த வீடு எங்கள் பக்கத்து வீடு இல்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பிரிண்டர் என்பது வீட்டுச் சாமான் அல்ல, செராக்ஸ் கடைச் சாமான். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஏதாவது ஒரு ப்ரௌசிங் சென்டருக்குள் நுழைந்தால், ஹால் டிக்கெட், ஈ.பி. ரசீது, ரயில் டிக்கெட் வரும் அதே மெஷினிலிருந்து போர்டிங் பாஸும் ஏ4 தாளில் சூடாக வந்து விழும். கடைக்காரர் கேட்கும் ஒரே கேள்வி, "கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா?" என்பதுதான். பிளாக் அண்ட் ஒயிட்டே போதும். ஏன் போதும் என்பதில் இந்தக் கதையின் பாதி இருக்கிறது.

முன்பெல்லாம் போதாது. 1980களில் விமானத் துறை ஒரு தடித்த அட்டையைத் தரப்படுத்தியது. டிக்கெட், போர்டிங் பாஸ் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த அட்டை, பின்பக்கம் காந்தப் பட்டை. அந்த அட்டை வெளியில் கிடைக்காது, அதை அச்சிடும் இயந்திரமும் கிடைக்காது. ஆகவே கையில் அட்டை இருந்தாலே பாதி சாட்சி. 1999-ல் அமெரிக்காவின் அலாஸ்கா ஏர்லைன்ஸ் பயணிகளை இணையத்தில் செக்-இன் செய்யவிட்டு, வீட்டிலேயே அச்சிடவும் விட்டது. 2004-ல் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டா, காந்தப் பட்டைக்குப் பதில் பார்கோடு என்று முடிவெடுத்தது. 2008 ஜூனோடு காகித டிக்கெட் போயிற்று. 2010-க்குள் எல்லோரும் பார்கோடுக்கு மாறிவிட வேண்டும் என்பது இலக்கு. அதாவது மதிப்பு அட்டையிலிருந்து கழன்று, அதில் எழுதியிருக்கும் தகவலுக்குப் போய்விட்டது. தகவலுக்குக் கலர் எதற்கு?

அந்தத் தகவல் என்ன என்று பார்ப்பது என் தொழில்புத்தி. கோலப்பொடி டப்பா தவறி விழுந்தமாதிரி இருக்கும் அந்தப் பட்டைக்கு பி.டி.எஃப். 417 என்று பெயர். உள்ளே கட்டாயமாக இருக்க வேண்டியது வெறும் 60 எழுத்துகள். பெயருக்கு 20, பி.என்.ஆருக்கு 7, புறப்படும் ஊருக்கு 3, சேரும் ஊருக்கு 3, இப்படிப் போகும். தேதிக்கும் மூன்றே இலக்கம்தான், வருடத்தின் எத்தனையாவது நாள் என்று. ஏப்ரல் 1 என்றால் 091. வருடம் கிடையாது. பெயரில் குடும்பப்பெயர் முதலில், பிறகு ஒரு சாய்கோடு, பிறகு சொந்தப்பெயர். இனிஷியலோடு பிறந்த நம் ஆட்களை இந்த 20 கட்டங்களுக்குள் உட்காரவைப்பது தனிக் கூத்து. அப்பா பெயர் குடும்பப்பெயராகிவிடும், அல்லது ஒரே பெயர் இரண்டு தடவை வரும், அல்லது நீளமான பெயரின் வால் அறுந்துபோகும். வாசலில் நிற்கும் வீரர் அடையாள அட்டையையும் காகிதத்தையும் மாறிமாறிப் பார்க்கும் அந்த நாலு விநாடி எந்தத் தமிழ்ப் பயணிக்கும் புதிதல்ல.

முக்கியமான விஷயம், இந்த 60 எழுத்துகள் பூட்டப்பட்டவை அல்ல. டிஜிட்டல் கையொப்பம் சேர்க்க இடம் உண்டு, ஆனால் கட்டாயமில்லை. வடிவம் தெரிந்த யாரும் இப்படியொன்றைத் தயாரிக்கலாம். 2006 அக்டோபரில் கிறிஸ்டோபர் சோகோயன் என்ற அமெரிக்க ஆராய்ச்சி மாணவர் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் போர்டிங் பாஸ் மாதிரியே ஒன்றைத் தயாரித்துத் தரும் இணையப் பக்கத்தை வைத்தார். எஃப்.பி.ஐ. அவர் வீட்டைச் சோதனை போட்டது. அவர் காட்டிய ஓட்டை எளியது. பாதுகாப்புச் சோதனையில் காகிதத்தைக் கண்ணால் மட்டும் பார்க்கிறார்கள், விமானம் ஏறும் கேட்டில்தான் ஸ்கேன் செய்கிறார்கள், இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதில்லை.

இந்தியாவில் அந்த ஓட்டைக்குப் போட்ட அடைப்புதான் ரப்பர் முத்திரை என்பது என் வாசிப்பு. அடைப்பு ஓட்டையைவிட வயதானது என்பதுதான் வேடிக்கை.

1976 செப்டம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று லாகூருக்குக் கடத்தப்பட்டது. அதைத் தொடர்ந்து 1978-ல் பி.சி.ஏ.எஸ். எனப்படும் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கியது. பிறகு நம் ஊர். 1984 ஆகஸ்ட் 2 இரவு, மீனம்பாக்கம். கொழும்பு விமானத்துக்கென்று பெட்டிகளைச் செக்-இன் செய்த ஆள் விமானத்தில் ஏறவில்லை. பெட்டிகள் விமான நிலையத்திலேயே தங்கின. அவற்றில் இருந்த குண்டு வெடித்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். சென்னையில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்களில் பலருக்கு இது தெரியாது. பள்ளியில் யாரும் சொல்லவில்லை, வீட்டிலும் பேச்சு வரவில்லை. அடுத்த வருடம் 1985 ஜூன் 23, ஏர் இந்தியாவின் கனிஷ்கா. அங்கும் பெட்டி ஏறியது, ஆள் ஏறவில்லை. 329 பேர். 1987 ஏப்ரலில் பி.சி.ஏ.எஸ். தனித் துறையானது. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய ஐ.சி. 814 காந்தஹாருக்குக் கடத்தப்பட்டது. அதன் பிறகு, மாநிலப் போலீஸ் கையில் இருந்த விமான நிலையப் பாதுகாப்பு மத்திய தொழில் பாதுகாப்புப் படைக்குப் போகத் தொடங்கியது. முதலில் 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூர், பிறகு ஒவ்வொன்றாக. (ஆவடி ரயில் தடத்தில் மேற்கே போனால் அரக்கோணம். அதன் பக்கத்துத் தக்கோலத்தில்தான் அந்தப் படையின் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. விமானத்தையே பார்க்காமல் விமான நிலைய வாசலுக்குத் தயாராகும் பையன்களில் சிலராவது எங்கள் லோக்கல் ட்ரெயினில்தான் வந்துபோகிறார்கள்.)

இந்தப் பயங்களெல்லாம் சேர்ந்த உருவம் அந்த முத்திரை. ஆளைத் தடவிப் பார்த்தாயிற்றா, போர்டிங் பாஸில் ஒன்று. கைப்பை எக்ஸ்ரேயில் போனதா, பையில் கட்டிய டேக்கில் ஒன்று. விமானத்தில் ஏறும் முன் மறுபடி பார்ப்பார்கள். டேக்கில் முத்திரை இல்லையென்றால் திரும்ப ஓட வேண்டும். வெளிநாட்டு நண்பர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. விமான நிறுவனத்தின் கணினியும் பாதுகாப்புப் படையும் பேசிக்கொள்ளாத இடத்தில், இருவருக்கும் நடுவே செய்தியைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஒரே பொருள் பயணியின் கையில் இருக்கும் காகிதம்தான். நெட்வொர்க் தேவையில்லை, கரண்ட் போனாலும் வேலை செய்யும். டிசைன் ரிவ்யூவில் நான் பாஸ் பண்ணிவிடுவேன்.

சிக்கல் எங்கே வந்தது? காகிதம் வீட்டுக்குப் போயிற்று, முத்திரை அரசாங்கத்திடமே இருந்தது. செக்-இன் முடித்து, பிரிண்ட் எடுத்து, நாலாக மடித்து வந்தவரும் முத்திரைக்கு வரிசையில் நின்றார். போர்டிங் பாஸ் போனுக்குள் வந்தபோது நிலைமை இன்னும் மோசம். கண்ணாடித் திரையில் எங்கே குத்துவது? "இதை ஒரு பிரிண்ட் எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். ஏ4 தாளும் முத்திரையும் பத்து வருடத்துக்கு மேல் ஒரே கூரைக்குக் கீழ் மனமில்லாமல் குடித்தனம் நடத்தின.

2017 ஏப்ரல் 1-ல் முதல் விரிசல். கைப்பை டேக் முத்திரை ஏழு விமான நிலையங்களில் நிறுத்தப்பட்டது: டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி, அகமதாபாத். சென்னை அந்த ஏழில் இல்லை. முத்திரை செய்த வேலையை இனி கேமராக்கள் செய்யும் என்பது ஏற்பாடு.

மிச்சத்தை கொரோனா முடித்தது. இரண்டு மாதம் நின்றிருந்த உள்நாட்டு விமானங்கள் 2020 மே 25-ல் திரும்பப் பறந்தபோது வெப் செக்-இன் கட்டாயம். போர்டிங் பாஸில் முத்திரை குத்தும் வழக்கமும் கைவிடப்பட்டது. ஒரே முத்திரையை ஆயிரம் பேர் காகிதத்தில் அழுத்துவது அப்போது ஆபத்து. பெட்டிக்கான டேக்கையும் பயணியே அச்சிட்டு ஒட்ட வேண்டும். முடியாதவர்கள் கெட்டி அட்டையில் பெயரையும் பி.என்.ஆரையும் எழுதி நூலில் கட்டிக்கொள்ளலாம் என்று அரசு விதிமுறையே சொன்னது. தமிழ்நாட்டுக்கு வருவதற்கு இ-பாஸ் வேறு. நாற்பது வருடப் பயத்தில் கட்டிய முறை, கடைசியில் பழைய காலத்துக் கல்யாண மூட்டைக்குக் கட்டும் சீட்டுக்கு வந்து நின்றது.

கட்டாயம் ஒன்று வந்துவிட்டால் அதற்கு விலையும் வந்துவிடும். கவுண்ட்டரில் செக்-இன் செய்தால் 100, பிறகு 200 ரூபாய் என்று சில நிறுவனங்கள் வாங்கத் தொடங்கின. டெல்லியில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பிய என் சின்னப் பாட்டியிடமும் கேட்டார்கள். ஆவடியில் படைத் தொழிற்சாலைக் குடியிருப்பில் முப்பது வருடம் இருந்தவர், கணக்கில் கறார். அங்கிருந்தே எனக்குப் போன் போட்டார்.

"ஏம்ப்பா, டிக்கெட்டுக்குத்தான் காசு குடுத்தாச்சே. ஏறுறதுக்குத் தனியாவா?"

"முன்னாடியே ஆன்லைன்ல பண்ணிருக்கணும் பாட்டி. இல்லேன்னா கவுண்ட்டர்ல சார்ஜ் பண்றாங்க."

"அவன் வேலைய நான் செஞ்சா எனக்குக் காசு தர்றானா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை. குமாஸ்தாவின் ஐந்து நிமிடம், தாள், மை எல்லாம் பயணியின் பக்கம் தள்ளப்பட்டன. அதற்கு வசதி என்று பெயர். தள்ளியதை வாங்கிக்கொள்ளத் தெரியாதவர்களுக்கு அபராதம். 2022 ஜூலையில் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம், கவுண்ட்டரில் போர்டிங் பாஸ் தருவதற்குக் கூடுதல் கட்டணம் வாங்குவது 1937-ஆம் வருட விமான விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று சொல்லி அதை நிறுத்தச் சொன்னது. பாட்டி எழுப்பிய கேள்வியைத்தான் அமைச்சகம் சட்ட மொழியில் எழுதியிருந்தது, கொஞ்சம் மரியாதையாக.

அதே வருடம் டிசம்பர் 1-ல் டிஜி யாத்ரா வந்தது. டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கி, சென்னைக்குக் கொஞ்சம் தாமதமாக. முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும். நடத்துவது அரசுத் துறை அல்ல, லாப நோக்கமற்ற ஒரு கம்பெனி. அதில் இந்திய விமான நிலைய ஆணையத்துக்கு 26 சதவீதம், மீதி ஐந்து விமான நிலைய நிறுவனங்களுக்கு. சேர்வது அவரவர் விருப்பம் என்கிறார்கள். அந்த வரிசை சின்னது, பக்கத்து வரிசை நீளம், அவ்வளவுதான் வற்புறுத்தல். முத்திரை என் கைக்கு வந்த காகிதத்தில் விழுந்தது, எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியும், பயணம் முடிந்ததும் கிழித்துப் போடுவேன். முகத்தை அப்படிச் செய்ய முடியாது. தகவல் 24 மணி நேரத்தில் அழிக்கப்படும் என்கிறார்கள். அழிப்பதை நான் பார்க்க முடியாது.

டிஜி யாத்ரா ஆப்பில் பயணத்தைச் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் வெப் செக்-இன் முடித்து, போர்டிங் பாஸின் பார்கோடை அதற்குக் காட்ட வேண்டும். அதே 60 எழுத்துகள், பெயருக்கு அதே 20 கட்டங்கள். சின்னப் பாட்டிக்கு நான்தான் செக்-இன் செய்து கொடுக்கிறேன். அவர் ஆப் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மடித்த தாளோடும் ஆதாரோடும் நீள வரிசையில் நிற்கிறார்.