கழுத்துப்பட்டையில் படிந்த மை

சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறையிலிருந்து பாடியதாகச் சொல்லப்படும் புறநானூற்று 74ஆம் பாடலில், சங்கிலியிட்ட நாய் அவமானத்தின் உவமையாக வருகிறது. சங்கிலிக்குப் பொருள் சொல்லிவிட்டு நாம் கடந்துவிடுகிறோம். அந்நாயின் கழுத்தில் கிடந்தது எதுவோ, அறியோம். இராயபுரத்து நாயின் கழுத்தில் கிடக்கும் தோல்பட்டைக்கோ வரலாறு உண்டு.

இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடலோரத்தில் நாய் வளர்ப்போர் ஒன்றைக் கண்டிருப்பர். உப்புக்காற்றில் பட்டையின் இரும்புக் கொக்கி விரைவில் துருவேறும்; அதைச் சுற்றித் தோலில் நீலம் கலந்த கருங்கறை படரும். அழுக்கென்று கருதிச் சோப்பால் தேய்ப்பார்கள், போகாது. ஏனெனில் அது அழுக்கன்று, மை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்பொருள் இரும்போடு கூடினால் கறுக்கும். கடுக்காயோடு அன்னபேதி சேர்த்து நம் முன்னோர் எழுதுமை காய்ச்சியதும் இவ்விதியைக் கொண்டுதான். அந்த மையால் எழுதியவனைப் புலவன் என்றோம். தோலோடு உழைத்தவனுக்கு வாய்த்தது வேறு பெயர். புறநானூறு 82இல் கட்டிலுக்கு வார் பிணிப்பவனின் கைவிரைவு மன்னனின் போர்விரைவுக்கு உவமையாகிறது. ஆயினும் அவன் இழிபெயராலேயே சுட்டப்படுகிறான். இம்முரணை நம் இலக்கிய வரலாறுகள் போதிய அளவு பேசவில்லை என்பது எம் கருத்து.

ஆவாரம்பட்டையில் ஊறி, கடுக்காய்நீரில் தோய்ந்து, புங்கெண்ணெயோ நல்லெண்ணெயோ பூசப்பெற்ற தென்னிந்திய மாட்டுத்தோல், ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்னும் பெயரில் சென்னையிலிருந்து இலண்டனுக்குக் கப்பலேறியது. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பகுதிக்கு ஓடத் தொடங்கிய இருப்புப்பாதை, பின்னர் ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் பதனிடும் ஊர்களின் வழியே மேற்கே நீண்டது. பெரியமேடு தோல்வணிகர்களின் பேட்டையாயிற்று. முதல் உலகப்போரில் (1914–18) பிரிட்டிஷ் படைவீரர்களின் காலணிகளுக்கு இத்தோல் பெருமளவில் சென்றது.

இதற்கிடையே ஆல்பிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் சென்னையில் குரோமியம் கொண்டு பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். கிணற்றுக் கவலைச் சாலுக்கு நீரில் அழுகாத தோல் வேண்டும் என்பதே அவர் முதல் நோக்கங்களுள் ஒன்று. உழவனின் சாலுக்கென வந்த முறை பின்னர் உலகச் சந்தைக்குப் போனது தனிக்கதை. குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் அதன் எச்சம்.

உங்கள் பட்டை எவ்வகை? வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்வரை பழுப்பாயிருந்தால் பெரும்பாலும் பட்டைத்தோல்; நடுவே நீலச்சாம்பல் தெரிந்தால் குரோம்தோல். குரோம்தோல் ஈரத்தைத் தாங்கும். பட்டைத்தோல் நீரைக் குடித்து, வெயிலில் காய்ந்தால் விறைத்து வெடிக்கும். கடற்கரையில் திரிந்து வந்த நாயின் பட்டையைக் கழற்றி, நல்லநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைக்க வேண்டும். பின் நிழலில் உலர்த்தி, சற்றே ஈரம் இருக்கையில் எண்ணெயை மெல்லிதாகப் பூச வேண்டும். பதனிட்டவர் கடைசியாகச் செய்த வேலையைத்தான் இங்கே நாம் மீண்டும் செய்கிறோம். எண்ணெய் மிகுந்தால் தோல் தளரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சணம் பூக்கும். அப்போது பட்டையைப் பெட்டியில் அடைக்காமல் காற்றாடத் தொங்கவிடுவது நலம். நாய் நக்கக்கூடியது என்பதால் மண்ணெண்ணெய், காலணிப் பாலிஷ் இரண்டும் ஆகா.

கறையைப் போக்க முயல்வதைக்காட்டிலும் கொக்கியைப் பித்தளைக்கு மாற்றிவிடுவது எளிது. செருப்புத் தைப்பவர் சில நிமிடங்களில் தைத்துத் தருவார்.