உள்ளாட்சிச் சீர்திருத்தமும் நகர ரயில் நிதியும் (இங்கிலாந்து)

இங்கிலாந்தின் பெருநகரங்களில் ரயிலுக்கு யார் பணம் தருவது என்ற கேள்வி, ரயிலைக் கவனிக்கும் அமைப்பில் யாரை யார் நியமிப்பது என்ற கேள்வியோடு பிணைந்தே வந்திருக்கிறது. பார்பரா காசில் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது வடிவம் பெற்ற 1968ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தின்படி மெர்சிசைடு, மான்செஸ்டர் வட்டாரம், டைன்சைடு, மேற்கு மிட்லண்ட்ஸ் ஆகிய நான்கிலும் பயணியர் போக்குவரத்து ஆணையங்கள் அமைந்தன. ஆணைய உறுப்பினர்களில் பெரும்பாலோர் உள்ளாட்சி மன்றங்கள் அனுப்பியவர்கள். சிலரை மட்டும் அமைச்சர் நியமித்தார். அன்றாட வேலை தொழில்முறை அதிகாரிகளின் செயற்குழுவிடம் இருந்தது. அதன் தலைமை இயக்குநரை ஆணையமே நியமித்தது. சட்டத்தின் 20ஆம் பிரிவு இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. செயற்குழு பிரிட்டிஷ் ரயிலோடு ஒப்பந்தம் செய்து, எந்தத் தடத்தில் எத்தனை வண்டி, என்ன கட்டணம் என்று முடிவு செய்யலாம். வரும் நட்டத்தை உள்ளூர் மன்றங்களின் பணத்தில் ஈடுகட்டலாம். 1974இல் உள்ளாட்சிச் சீர்திருத்தத்தால் உருவான ஆறு பெருநகர மாவட்டங்களின் மன்றங்களே போக்குவரத்து ஆணையங்களாயின. வரி விதித்தவரும் நியமித்தவரும் வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் ஒருவரே என்ற நிலை அப்போதுதான் வந்தது. லிவர்பூலில் ஜேம்ஸ் ஸ்ட்ரீட், மூர்ஃபீல்ட்ஸ், லைம் ஸ்ட்ரீட், சென்ட்ரல் என நகர மையத்தைச் சுற்றிவரும் ஒற்றைத் தடச் சுரங்கம் இந்தக் காலத்தில், 1977இல், திறக்கப்பட்டது. 1980இல் டைன் அண்ட் வியர் மெட்ரோ ஓடத் தொடங்கியது.

இந்த ஒழுங்கைத் தாட்சர் அரசு குலைத்தது. 1984இல் லண்டன் பாதாள ரயில் பெருலண்டன் மன்றத்திடமிருந்து பறிக்கப்பட்டு, அமைச்சர் நியமிக்கும் வாரியத்திடம் போனது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் மறு ஆண்டே ஆறு மாவட்ட மன்றங்களையும் ஒழித்தது. அவற்றின் இடத்தில் கீழ்நிலை மன்றங்கள் தத்தம் உறுப்பினர்களை அனுப்பும் கூட்டு ஆணையங்கள் வந்தன. முதல் மூன்று ஆண்டுகளுக்கு அவற்றின் வரி உச்சவரம்பை அமைச்சரே வகுத்தார். மன்றங்கள் ஒழிந்த பிறகுதானே மான்செஸ்டர் மெட்ரோலிங்க் 1992இல் வந்தது என்று சிலர் கேட்பர். உண்மைதான். ஆனால் அதற்கு மத்திய அரசின் மானியம் வேண்டியிருந்தது; தனியார் கூட்டமைப்பே கட்டி நடத்த வேண்டும் என்பதும் அங்கிருந்து வந்த நிபந்தனை. திட்டம் நகரத்துடையது, நிபந்தனை வெஸ்ட்மின்ஸ்டருடையது. மன்றங்கள் வரி செலுத்துவோர் மீது பாரம் ஏற்றின என்ற வாதத்துக்கும் வலு உண்டு. அந்தப் பாரம் சரியா என்று சொல்லும் உரிமை தேர்தலில் வாக்காளருக்கு இருந்தது. 1986க்குப் பின் போக்குவரத்துக்கென அவர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் எவரும் நெடுங்காலம் இருக்கவில்லை.

பின்னர் 2000இல் லண்டன் மேயருக்குப் போக்குவரத்து வாரியத்தை நியமிக்கும் அதிகாரம் கிடைத்தது. பாதாள ரயில் 2003இல் அவரிடம் வந்தது. மான்செஸ்டர் வட்டாரத்தில் 2011இல் ஒருங்கிணைந்த ஆணையம் அமைந்தது; 2017இல் நேரடித் தேர்தலில் மேயர் வந்தார்.