வாற்கோதுமை மதுவும் மலைநாட்டுக் குளிரும்

கொழும்பு மருதானையை விட்டு மலைநாடு நோக்கிப் புறப்படும் புகையிரதம் அடுத்து அடையும் நிலையம் தெமட்டகொடை. அவ்விருப்புப்பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது. அதற்கு அப்பால், கடல்மட்டத்துக்கு மேல் 6000 அடிக்கும் உயர்ந்த நுவரெலியாவில், தேயிலைக்கு முன்னரே வேரூன்றிய தொழில் ஒன்றுண்டு. அதுவே பியர் ஆக்குந் தொழில்.

சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1848இல் அங்குக் குடியேறினார். கால்நடைகளையும் கருவிகளையும் கொல்லன் முதலான தொழிலாளரையும் கப்பலேற்றி, மலைமீது ஓர் ஆங்கிலக் கிராமத்தையே அமைக்க முயன்றார். அம்முயற்சியில் ஒன்றாக 1849ஆம் ஆண்டளவில் பியரும் ஆக்கப்பட்டது. 1855இல் அவர் தாயகம் திரும்பினார். 1864இல் ஆபிரிக்காவில் அல்பேர்ட் ஏரியைக் கண்ட பயணியும் அவரே. 1881இல் அத்தொழில் வணிக நிலையில் நிறுவப்பட்டது.

நுவரெலியாவைத் தேர்ந்ததற்குக் காரணம் குளிரே. முளைகட்டிய வாற்கோதுமைச் சாற்றைச் சர்க்கரையிலிருந்து மதுவாக்குவது மதுவம். வெப்பம் மிகின் அது விரைந்து வேலைசெய்து சுவையைக் கெடுத்துவிடும். குளிரூட்டும் இயந்திரங்கள் பரவாத நாளில் அக்குறையை மலைக்காற்று தீர்த்துவைத்தது. சமவெளியிலோ, காலையில் இறக்கிய தென்னங்கள் மாலைக்குள் புளித்துவிடும்.

ஐரோப்பாவிலும் மதுவத்தின் திறமே ஒரு புகழ்பெற்ற பானத்தை உருவாக்கியது. பெல்ஜியத்தில் மோர்ட்காட் குடும்பத்தார், ஸ்கொத்லாந்திலிருந்து பெற்ற மதுவத்தைக் கொண்டு முதல் உலகப்போருக்குப்பின் வலிய பியர் ஒன்றை ஆக்கினர். 'வெற்றி' எனப் பொருள்படும் பெயரோடு பிறந்த அது, 1923இல் 'டூவல்' என மாறியது. அவ்வூர் வழக்கில் அதன் பொருள் பேய். 1970இல் அதற்குப் பொன்னிறம் வாய்த்தது. வெண்ணுரை, பழமணம், மிளகனைய காரம், இனிப்பற்ற முடிவு ஆகியன அதன் இயல்புகள். பார்வைக்கு மெலிதாயினும் அதில் நூற்றுக்கு 8.5 பங்கு மதுசாரம் உண்டு.

மெலிதெனத் தோன்றுவது மெலிதன்று என்னும் இவ்வெச்சரிக்கையை இலங்கை மக்களும் அறிந்திருந்தனர். 1912இல் ஆங்கிலேய அரசு சாராயத்தினின்றும் கள்ளைப் பிரித்து, ஊர்தோறும் கள்ளுத் தவறணைகளைத் திறக்க முற்பட்டபோது மதுவிலக்கு இயக்கம் கொதித்தெழுந்தது. குடிப்போர் பெருகினால் வருமானம் அரசுக்கு, வறுமை குடும்பத்துக்கு என்பதே அதன் வாதம். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது, டி. எஸ். சேனநாயக்கா முதலிய மதுவிலக்குத் தலைவர்களை அரசு சிறையிலிட்டது. அவர்களுக்காகச் சட்டநிரூபண சபையில் வாதாடியவர் பொன்னம்பலம் இராமநாதன்.

1990களின் பிற்பகுதியில் அப்பியர்த் தொழில் மலையிறங்கிக் கொழும்பையடுத்த பியகமைக்கு வந்தது. குளிரை இன்று இயந்திரம் தருகின்றது. இலங்கையில் 8.8 பங்கு மதுசாரமுள்ள பியரும் விற்பனையாகின்றது. காலமும் கலமும் மாறின. 1912இல் எழுந்த வினா மட்டும் மாறவில்லை.